அவதார் தொடரில் பொருட்களும் அதிகாரமும்: கையை விட்டுப் போகும்போதுதான் பலமா?

கந்தர்மடத்தான் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். "அவதார்: த லாஸ்ட் எயார்பென்டர்" பற்றி இங்கே இருக்கும் இழைகளில் யார் யாரை வெல்வார் என்றுதான் கூடுதலாகக் கதைத்திருக்கிறோம். எனக்கு நெடுநாளாக வேறொரு கேள்வி இருக்கிறது.

மாயக் கதைகளில் பெரும்பாலும் ஒரு பொருள் இருக்கும். வாளோ, கல்லோ, மோதிரமோ. அது யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் வெற்றி. 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயங்களாக வந்த இந்தத் தொடரில் அப்படி ஒரு பொருளே இல்லை. நீர், நிலம், நெருப்பு, காற்று இவற்றை ஆளும் வல்லமை உடம்பிலேயே இருக்கிறது. நீருக்குத் தாய் சீ, நிலத்துக்கு ஹுங் கார், நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா என்று உண்மையான சண்டைக் கலைகளின் அசைவுகளைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். கை, கால், மூச்சு இருந்தால் போதும்.

அப்படியிருந்தும் தொடரை உருவாக்கிய டிமார்ட்டினோவும் கொனியெட்ஸ்கோவும் சின்னச் சின்னப் பொருட்களை எவ்வளவு கவனமாகக் காட்டுகிறார்கள்! அதுவும் அந்தப் பொருள் கையை விட்டுப் போகும் நேரத்தில். இரண்டாம் புத்தகத்தின் (தொடரின் பருவத்தைப் புத்தகம் என்பார்கள்) தொடக்கத்தில், தீ நாட்டால் தேடப்படும் இளவரசன் சூக்கோவும் அவன் பெரியப்பா ஐரோவும் தங்கள் குடுமியை அறுத்து ஆற்றில் விடுகிறார்கள். அந்தக் குடுமியோடு இளவரசன், தளபதி என்ற அடையாளம் போய்விடுகிறது. லாவோகாய் ஏரியில் சூக்கோ தன் நீல முகமூடியைத் தண்ணீரில் போடுகிறான். மூன்றாம் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், நான்கு மூலகங்களையும் ஆளப் பிறந்த அவதாரான ஆங் தன் பறக்கும் தடியை எரிமலைக் குழம்பில் நட்டு எரியவிடுகிறான். காற்று நாடோடிகளின் காலத்திலிருந்து அவனோடு வந்த பொருள் அது. மூன்று பேரும் அதற்குப் பிறகுதான் உண்மையில் வளர்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் சூக்கோவின் தகப்பன் ஓசாயைப் பாருங்கள். தீ அரசன் என்ற பட்டமே போதாமல், அதை மகளிடம் கொடுத்துவிட்டு "ஃபீனிக்ஸ் மன்னன்" என்று புதுப் பெயர், புதுக் கவசம், புதுக் கொடி எல்லாம் போட்டுக்கொள்கிறான். பொருளைக் கூட்டிக்கொண்டே போகிறவன் தோற்கிறான், விடத் தெரிந்தவன் வெல்கிறான் என்பது என் வாசிப்பு. உங்களுக்கு எப்படிப்படுகிறது?


சுன்னாகம் தர்சி எழுதியது:

அண்ணா, நல்ல இழை. ஆனால் ஆங்கோடு பயணிக்கும் நீர்க்குலப் பெண் கட்டாராவின் கழுத்துமாலையை எங்கே வைப்பீர்கள்? அவள் அதை ஓரிடத்திலும் விடவில்லை. தொலைந்தபோது கலங்கினாள். திரும்பக் கிடைத்ததும் கட்டிக்கொண்டாள். அதனால் அவள் சிறுத்துப் போனாளா?

அந்த மாலையின் கதையை முழுக்கப் பார்க்கவேண்டும். வடக்கு நீர்க்குலத்தில் பக்கு என்ற இளைஞன் தனக்கு நிச்சயித்த பெண்ணுக்குத் தன் கையால் செதுக்கிய மாலை அது. அந்தப் பெண் கன்னா, கட்டாராவின் பாட்டி. அவருக்கு அந்தக் கலியாணத்தில் விருப்பமில்லை. உலகின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தனியாகப் புறப்பட்டுப் போய்விட்டார். மாலையை மட்டும் எறியவில்லை. மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாலையை வைத்துக்கொண்ட பெண் அவர்! அது பிறகு கட்டாராவின் அம்மாவிடம் போய், அம்மா கொல்லப்பட்ட பிறகு கட்டாராவிடம் வந்தது.

முதல் புத்தகம் முழுக்க அந்த மாலை கைமாறிக்கொண்டே இருக்கிறது. சிறையில் தொலைகிறது. சூக்கோ கண்டெடுத்து, அதைக் காட்டியே அவளிடம் பேரம் பேசுகிறான். பிறகு அதன் வாசனையை ஷிர்ஷு என்ற விலங்குக்குக் கொடுத்து அவளைத் தேடுகிறான். அவளுக்கு அது அம்மா, அவனுக்கு அது தடயம். வடக்கில் பெண்களுக்குச் சண்டைக்கலை சொல்லித்தர மாட்டேன் என்று பக்கு மறுக்கிறார். அவள் அவரோடு சண்டை பிடித்துத் தோற்கிறாள். அப்போது கீழே விழுந்த மாலையை அவர் எடுத்துப் பார்க்கிறார். அடுத்த நாள் வகுப்பில் அவளுக்கு இடம் கிடைக்கிறது.

இந்த இடம் எனக்குக் கோபம் தரும் இடமும்கூட. அவள் எவ்வளவு திறமையாகச் சண்டை பிடித்தாள்! அது அந்தக் கிழவரை அசைக்கவில்லை. தான் செய்த மாலையைக் கண்ட பிறகுதான் அசைந்தார். ஆனால் அந்த மாலை அவருக்குச் சொன்னது என்ன? உன் வழக்கத்தால்தான் நீ விரும்பியவள் உன்னை விட்டுப் போனாள் என்று. அறுபது வருடம் கழித்து ஒரு பெண்ணின் மறுப்பு அவர் கையில் வந்து விழுகிறது. பக்கத்தில் யூவே இளவரசி நிற்கிறாள், அவள் கழுத்திலும் நிச்சய மாலை. இதைக் கேட்டு அழுதுகொண்டு ஓடுகிறாள். ஒரே மாதிரியான இரண்டு மாலைகள், ஒன்று தப்பியவளுடையது, மற்றது தப்ப முடியாதவளுடையது.

இதில் "விடுதல்" என்பதற்கு இடமே இல்லை. வைத்திருந்ததால்தான் அது பேசியது.


பண்ணைக்காற்று எழுதியது:

தர்சி சொன்னது சரி. குடுமியும் முகமூடியும் ஒருவன் தனக்குத் தானே போட்டுக்கொண்டவை. மாலை அப்படி இல்லை.


வெண்தாமரை எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே நான் யாரைப் பற்றி எழுதுவேன் என்று தெரியும்.

தொடரிலேயே மலிவான பொருள் ஐரோவின் வெண்தாமரைக் காய்தான். பாய் ஷோ விளையாட்டின் ஒரு சின்ன வட்டம். முதல் புத்தகத்தில் அது தொலைந்துவிட்டது என்று கப்பலையே திருப்பிக் கடைத்தெரு கடைத்தெருவாகத் தேட வைக்கிறார். கடைசியில் பார்த்தால் அது அவர் சட்டைக் கைக்குள்ளேயே இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது கிழவரின் விளையாட்டு என்றுதான் நினைப்போம். இரண்டாம் புத்தகத்தில், பாலைவனத்து ஊரில், முன்பின் தெரியாத ஒருவரோடு அவர் பாய் ஷோ ஆடும்போதுதான் அந்தக் காய் ஒரு திறப்பு என்று தெரிகிறது. காயை நடுவில் வைக்கிறார், எதிரே இருப்பவர் அடையாளம் கண்டுகொள்கிறார், கதவு திறக்கிறது. அந்தக் காயை ஓசாயின் மகள் அசூலா எடுத்திருந்தால் அவளுக்கு அது வெறும் மரத்துண்டு. இருவருக்கு நடுவில் மட்டும் வேலை செய்யும் பொருள் அது.

கந்தர்மடத்தான் தம்பிக்கு இன்னொரு காட்சியை நினைவுபடுத்துகிறேன். ஐரோ பா சிங் சே நகரை 600 நாள் முற்றுகையிட்ட தளபதி. மகன் லூ டென் இறந்ததும் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். அரியணை அவருக்கு வரவேண்டியது, தம்பியிடம் போய்விட்டது. கடைசி அத்தியாயங்களில் அதே நகருக்குள் வெண்தாமரை என்ற இரகசியச் சங்கத்தாரோடு நுழைகிறார். நெருப்பை ஆள்பவர்களுக்கு அன்று வால்வெள்ளி தரும் பலம் அவருக்கும் இருக்கிறது. அவர் செய்தது என்ன? அரண்மனையின் முன்னால் தொங்கிய தீ நாட்டுக் கொடியை எரிக்கிறார். பின்னால் மறைந்திருந்த மண் இராச்சியத்தின் சின்னம் தெரிகிறது. உள்ளே போய் ஆசனத்தில் இருக்கவில்லை. பிறகு தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்.

இதைப் பொருளை விடுவது என்று மட்டும் சொன்னால் போதாது என்று நினைக்கிறேன். தன்னுடையதல்லாத பொருளை எடுத்துவிட்டு, உரியவருடையதைத் தெரிய விட்டார்.


காரைநகர் நீலன் எழுதியது:

நான் சட்டம் படிக்கிறவன், அதனால் இந்த இழையை வாசிக்கும்போதே மூளை வேறு பக்கம் போகிறது. தேசவழமையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் இன்னும் தெளிவாகும்.

தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுத்த சட்டம் இது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சொத்தை மூன்றாகப் பிரிக்கும். பரம்பரையாக வருவது முதுசம். பெண் கலியாணத்தில் கொண்டு வருவது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு தேடிக்கொண்டது தேடிய தேட்டம். பழைய வழக்கில் தகப்பனின் முதுசம் ஆண்பிள்ளைகளுக்கும், தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கும் போகும். ஒரு பொருளின் மதிப்பு என்ன என்பதை விட, அது எந்த வழியால் வந்தது, எந்த வழியால் போகவேண்டும் என்பதே கேள்வி.

இப்போது சூக்கோவைப் பாருங்கள். மூன்றாம் புத்தகத்தில் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்து ஐரோ அவனுக்கு ஒரு தலைச்சூடியைக் கொடுக்கிறார். பட்டத்து இளவரசன் அணிவது. அதை அந்தக் காலத்துத் தீ நாட்டு இளவரசன் சோசின் தன் நண்பன் ரோக்குவுக்குக் கொடுத்தான், ரோக்கு அவதாராகப் பயிற்சிக்குப் புறப்பட்ட நேரத்தில். அதாவது அரச முதுசம் ஒன்று நட்புக்காக வெளியே போனது. பிறகு அதே சோசின் எரிமலைக்கு நடுவில் ரோக்குவைச் சாகவிட்டுப் போனான். சூக்கோ தகப்பன் வழியில் சோசினின் பூட்டப்பிள்ளை, தாய் ஊர்சா வழியில் ரோக்குவின் பூட்டப்பிள்ளை. கொடுத்தவன் வழி, வாங்கியவன் வழி இரண்டும் அவன் ஒருவனிலேயே வந்து சேர்கின்றன. அந்தச் சூடியை எந்த வழியால் அவனிடம் கொடுத்தாலும் அது அவனுக்குரியது. ஆனால் எந்த வழியை அவன் ஏற்றுக்கொள்கிறான் என்பதில்தான் மூன்றாம் புத்தகம் முழுவதும் இருக்கிறது. ஐரோ அவனிடம் கொடுத்தது அதிகாரத்தை அல்ல, ஒரு வம்சாவளியை.

கட்டாராவின் மாலையைச் சீதனம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கன்னா தகப்பனைப் பெற்ற பாட்டி. மாமியிடமிருந்து மருமகளுக்கு, மருமகளிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது. நம் சட்டப் புத்தகத்தில் இதற்கு நேரான பெயர் இல்லை. பெண்கள் கைவழி என்று மட்டும் சொல்லலாம். தர்சி எழுதியது போல, மறுத்த கலியாணத்தின் பொருள் எப்படிச் சீதனமாகும்?

தேடிய தேட்டத்துக்குக் கட்டாராவின் அண்ணன் சொக்காவின் வாள். விண்கல்லை உருட்டிக்கொண்டு போய், வாள் ஆசான் பியான்டாவோவின் வீட்டில் தானே உருக்கி அடித்தது. மற்றவர்கள் எல்லோரும் மூலகங்களை ஆளும் கூட்டத்தில் அவனுக்கு இருந்தது அந்த வாளும் பூமராங்கும் மூளையும்தான். அந்த விண்கல்லிலும் ஒரு துண்டை, நிலத்தை ஆளும் தோழி டோஃப்புக்குக் கொடுக்கிறான், அவள் அதைக் கைவளையாக அணிந்துகொள்கிறாள்.


பண்ணைக்காற்று எழுதியது:

நீலன், கடைசிச் சண்டையில் வான்கப்பலின் விளிம்பில் சொக்கா ஒரு கையால் டோஃப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். வந்த தீ நாட்டு வீரர்கள் மேல் முதலில் பூமராங்கை எறிகிறான், பிறகு வாளை எறிகிறான். இரண்டும் போய்விட்டன. அதுவும் "விடுதல்" தானே? கந்தர்மடத்தான் இதைத் தன் பட்டியலில் சேர்க்காதது ஏன்?


கந்தர்மடத்தான் எழுதியது:

சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. ஆங் தடியை எரித்தது தானாக எடுத்த முடிவு. சொக்காவுக்கு அந்த இடத்தில் முடிவெடுக்க நேரமில்லை. கையில் பிடித்திருப்பது ஒரு பெண்பிள்ளையின் உயிர். அதை இழப்பு என்றுதான் சொல்வேன். அவன் முகத்தில் அது தெரியும்.


தொண்டைமானாறு எழுதியது:

பிள்ளைகள் எல்லோரும் வடிவாக எழுதியிருக்கிறீர்கள். பேரப்பிள்ளைகளோடு இருந்து இந்தத் தொடரைப் பார்த்தவன் நான். ஒரு விடயத்தை யாரும் தொடவில்லை.

நீங்கள் எல்லோரும் பொருளை ஒரு அடையாளமாகப் பார்க்கிறீர்கள். எங்களுடைய ஊரில் பொருள் அப்படி மட்டும் இருக்கவில்லை. நல்லூரில் மூலத்தானத்தில் இருப்பது வேல். சந்நிதியிலும் வேல்தான். முருகனுடைய ஆயுதம் என்று யாரும் அதைக் கும்பிடுவதில்லை, அதுதான் முருகன். கதிர்காமத்தில் அதையும் காணமுடியாது. திரைக்கு முன்னால் நின்றுதான் கும்பிடுகிறோம். திருவிழாவில் யானைமேல் போவதும் மூடிய பேழைதான். காணாத பொருளுக்கு முன்னால் அத்தனை சனம் நிற்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் எனக்கு மிகப் பெரிய காட்சி, ஆங் குழந்தையாக இருக்கும்போது துறவிகள் அவன் முன்னால் ஆயிரக்கணக்கான விளையாட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்தது. அவன் நான்கை எடுக்கிறான். ஆமை, காற்றாடி, குரங்கு, சின்ன மேளம். முந்தைய அவதார்கள் விளையாடியவை அவை. திபெத்தில் உண்மையிலேயே இந்த வழக்கம் இருக்கிறது. 1935 இல் பிறந்த இப்போதைய தலாய் லாமாவை, அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, முன்னவருடைய பொருட்களைச் சரியாக எடுத்ததை வைத்தும் அடையாளம் கண்டார்கள்.

உலகத்தையே காப்பாற்றப் போகிறவனைக் கண்டுபிடிக்க வாளையோ முடியையோ வைக்கவில்லை. ஆனால் அதே அத்தியாயத்தில் பிறகு நடப்பதைப் பாருங்கள். பதினாறு வயதில் சொல்லவேண்டியதைப் போர் வரும்போல் இருக்கிறது என்று பன்னிரண்டு வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள். உடனே மற்றப் பெடியன்கள் அவனை விளையாட்டில் சேர்க்க மறுக்கிறார்கள். அவதார் ஒரு பக்கம் இருந்தால் அது நியாயமில்லையாம். அவனே கண்டுபிடித்த காற்றுப் பந்துச் சவாரியை வைத்து ஆடிய விளையாட்டு அது! விளையாட்டுச் சாமானைத் தொட்டதால் விளையாட்டையே இழந்த பிள்ளை. அவனுடைய ஆசானான துறவி கியாட்சோ மட்டும் தொடர்ந்து அவனோடு பாய் ஷோ ஆடினார். அதற்கும் மூத்தவர்கள் தடை போட்டார்கள்.

அந்தப் பொருட்கள் அவனை அறிந்துகொண்டன என்பது என் நம்பிக்கை.


வெண்தாமரை எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை வாசித்து நெடுநேரம் யோசித்தேன். ஆனால் இதே தொடரில் பொருள் ஆளை அறியாத இடமும் இருக்கிறதே.

கியோஷித் தீவில் வீராங்கனை சுக்கி சொக்காவுக்குத் தங்கள் உடையின் பொருளைச் சொல்லிக்கொடுப்பாள். பட்டு நூல்கள் நரம்பில் ஓடும் வீர இரத்தம், பொன் சின்னம் வீரரின் மனத்தில் இருக்கும் மானம். எவ்வளவு புனிதமாகச் சொல்கிறாள். இரண்டாம் புத்தகத்தின் முடிவில் அசூலாவும் அவள் தோழிகள் மேயும் டை லீயும் அதே உடையைப் பறித்துப் போட்டுக்கொண்டு பா சிங் சே அரண்மனைக்குள் நடந்து போகிறார்கள். மண் அரசர் அவர்களை நண்பர்கள் என்று வரவேற்கிறார். அந்தப் பட்டு நூல் அசூலாவின் தோளில் சுடவில்லை. பெரிய சுவர்களால் 600 நாள் தாக்குப்பிடித்த நகரம் ஓர் உடுப்பால் விழுந்தது.

அந்த அரசரும் ஒரு பொருள்தான் என்று தோன்றும். ஆசனத்தில் அவர் இருக்கிறார், ஆட்சி ஆலோசகர் லோங் ஃபெங்கிடம் இருக்கிறது. நூறு வருடப் போர் நடப்பதே அவருக்குத் தெரியாது. அசூலாவுக்கு இது ஒரு கணத்தில் விளங்கிவிடுகிறது. ஆசனத்தைப் பிடிக்கத் தேவையில்லை, டாய் லீ என்ற நகரின் இரகசியக் காவலர்கள் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதைப் பிடித்தால் போதும். லோங் ஃபெங்குக்கு முன்னால் நின்று, இவர்கள் யாருக்குக் கீழ்ப்படிவார்கள் என்று இப்போது பார்ப்போம் என்பது போல நிற்பாள். அவர்கள் அவளுக்குக் கீழ்ப்படிந்தார்கள். கையில் ஒரு பொருளும் இல்லை.


சுன்னாகம் தர்சி எழுதியது:

அக்கா, அதே அசூலா சின்ன வயதில் ஐரோ அனுப்பிய பொம்மையை எரித்தவள். சூக்கோவுக்கு அதே நாள் ஒரு குறுங்கத்தி வந்தது, போராடாமல் விட்டுக்கொடுக்காதே என்று பொறித்தது. அவன் அதை வருடக்கணக்காக வைத்திருந்து, பசியோடு தனியாக அலைந்த காலத்தில் லீ என்ற சின்னப் பையனுக்குக் கொடுக்கிறான். பெயர் தெரியாத வழிப்போக்கனாகக் கொடுத்தபோது பையன் ஆசையோடு வாங்கினான். பிறகு ஊரைக் காப்பாற்றிவிட்டு, நான் ஓசாயின் மகன், அரியணைக்கு உரியவன் என்று சொன்ன பிறகு அதே கத்தியை நீட்டுகிறான். பையன் வாங்கவில்லை. வெறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

கத்தி மாறவில்லை, கை மாறவில்லை, நடுவில் ஒரு பெயர் வந்தது அவ்வளவுதான். தொடரிலேயே எனக்கு மிகவும் வலிக்கும் காட்சி இதுதான்.


பண்ணைக்காற்று எழுதியது:

இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள், ஒருவரும் நூலகத்தைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் இந்த இழையை நான் விடமாட்டேன்.

சி வோங் பாலைவனத்தில் மணலுக்குள் புதைந்திருக்கும் வான் ஷி தோங் என்ற ஆந்தை ஆவியின் நூலகம். உள்ளே போக ஒவ்வொருவரும் ஓர் அறிவைக் கொடுக்கவேண்டும். கட்டாரா நீர்க்கலைச் சுருளைக் கொடுக்கிறாள், ஆங் தன்னைத் தேடும் விளம்பரத் தாளைக் கொடுக்கிறான், சொக்கா ஒரு வண்ணத்துப்பூச்சி முடிச்சுப் போட்டுக் காட்டுகிறான். தீ நாட்டைப் பற்றிய பகுதியைத் தேடிப் போகிறார்கள். அங்கே சாம்பல் மட்டும் இருக்கிறது. தீ நாட்டுத் தளபதி ஷாவோ முன்பே வந்து, தனக்கு வேண்டிய சந்திர ஆவியின் இரகசியத்தை எடுத்துக்கொண்டு, தன் நாட்டைப் பற்றிய எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

கந்தர்மடத்தான், உங்கள் பட்டியலில் எரிந்த பொருள் என்றால் ஆங்கின் தடி. உரியவன் தன் கையால் எரித்தது அது. ஆனால் உரியவர் அல்லாதவர் எரிப்பதும் அதிகாரம்தான், அதிகாரத்திலேயே பெரியது அதுதான் என்று சொல்வேன். ஷாவோவுக்குத் தேவை தனக்குத் தெரிவது மட்டுமல்ல, மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பது.

1981 மே 31 இரவு நமது பொது நூலகத்தில் மூட்டப்பட்ட நெருப்பில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகள், வேறு எங்கும் படியே இல்லாத கையெழுத்துகள் எல்லாம் அதில். ஷாவோ குறைந்தது ஒரு சுருளை எடுத்து வாசித்தான். நம்முடையதை எரித்தவர்களுக்கு அந்த ஏடுகளில் ஒன்றும் தேவையாக இருக்கவில்லை. அவை நம்மிடம் இருப்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. அந்த அத்தியாயத்தில் சாம்பல் நிறைந்த அறைக்குள் சொக்கா போய் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தை வேறு ஊர்க்காரர் எப்படிப் பார்ப்பார்களோ தெரியாது. நமக்கு அது கற்பனைக் கதை அல்ல.

தொடர் இங்கே ஓர் இலகுவான பதிலையும் தரவில்லை. சொக்காவும் போருக்காகத்தான் தேடுகிறான், பொய் சொல்லித்தான் உள்ளே போகிறான். ஆந்தை ஆவி கோபப்பட்டு நூலகத்தையே மணலுக்குள் இழுத்துக்கொள்கிறது. பேராசிரியர் ஒருவர் வெளியே வர மறுத்து அதோடு கீழே போகிறார். எரித்தவனால் போனது ஒரு பகுதி, எங்களுக்கு இனி வேண்டாம் என்று மூடியவரால் போனது முழுவதும். அந்தப் பேராசிரியரை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.


காரைநகர் நீலன் எழுதியது:

பண்ணைக்காற்று, இதை எழுதியதற்கு நன்றி. நூலகம் எந்த வழிச் சொத்து என்று யோசித்தேன். மூன்றிலும் இல்லை. யாரும் யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாத பொருள்.


கந்தர்மடத்தான் எழுதியது:

எல்லோருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

குரு பதிக்கின் அத்தியாயத்தை இங்கே கொண்டு வரவேண்டும். ஏழு சக்கரங்கள், ஒவ்வொன்றையும் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. நிலத்தைப் பயம், நீரைக் குற்ற உணர்வு, நெருப்பை வெட்கம், காற்றைத் துயரம், ஒலியைப் பொய், ஒளியை மாயை, கடைசியில் எண்ணத்தை உலகப் பற்று. கோயில் பிரசங்கங்களில் மூலாதாரம் முதல் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஏழாவதுக்குக் கட்டாராவை விடவேண்டும் என்கிறார் குரு. ஆங் மறுத்து எழுந்து போகிறான். பிறகு பா சிங் சேயின் அடியில் சண்டை தோற்கப் போகும் நேரத்தில் அவளை மனதால் விடுகிறான். முந்தைய அவதார்களின் பலமெல்லாம் சேரும் அவதார் நிலை வருகிறது. அந்தக் கணத்திலேயே அசூலாவின் மின்னல் அவன் முதுகில் பாய்கிறது, இறந்து விழுகிறான்.

அதாவது என் வாசிப்புக்குத் தொடரே வைக்கும் பெரிய தடை இது. முழுமையாக விட்ட நேரத்தில்தான் விழுந்தான். திரும்ப எழுப்பியவள், அவன் விட்ட கட்டாரா, தன் கழுத்தில் தொங்கிய வடதுருவ ஆவி நீரால். கடைசியில் மூடியிருந்த சக்கரம் திறந்ததும் ஓசாயோடு சண்டையில் ஒரு பாறை முனை அந்தத் தழும்பில் இடித்ததால். ஆகவே விடுவது பலம் என்று நான் முதலில் எழுதியதை இப்போது இப்படிச் சுருக்குகிறேன்: எதை விட்டார்கள் என்பதைவிட, யார் கண்ணுக்கு முன்னால் விட்டார்கள் என்பது இந்தத் தொடருக்கு முக்கியம். ஆங் தடியை எரித்தது துறவுக்காக அல்ல. அவன் இறந்துவிட்டான் என்று உலகம் நம்பவேண்டும், அந்தத் தடியைக் கண்டால் யாரும் அவனை அறிந்துகொள்வார்கள். அடுத்த அத்தியாயத்திலேயே தலையில் பச்சைகுத்திய அம்புக்குறியை மறைக்கத் தலையில் துணி கட்டிக்கொள்கிறான். வெண்தாமரை அக்காவின் காயும், லீயின் கத்தியும், கியோஷி உடையும் எல்லாம் இதையே காட்டுகின்றன. பொருளின் வலிமை அதைப் பார்ப்பவர்களிடம் இருக்கிறது.


சுன்னாகம் தர்சி எழுதியது:

அப்படியென்றால் முடிவைச் சொல்லுங்கள் அண்ணா. ஏன் முடிசூட்டு விழாவில் முடிகிறது? ஐரோ வேண்டாம் என்று சொன்ன முடி, அசூலாவைப் பைத்தியமாக்கிய முடி. அதைத் தூக்கி எறியாமல் ஏன் சூக்கோவின் தலையில் வைத்தார்கள்?


காரைநகர் நீலன் எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஏனென்றால் தொடர் இரண்டு முடிசூட்டு விழாக்களைக் காட்டுகிறது.

முதலாவது அசூலாவுடையது. அதற்கு முன் அவள் வேலைக்காரர்களையும் ஆலோசகர்களையும் டாய் லீ காவலர்களையும் ஒவ்வொருவராக நாடு கடத்திவிட்டாள். தன் தலைமயிரைத் தானே தாறுமாறாக வெட்டிக்கொண்டாள். பெரிய முற்றத்தில் தீத் துறவிகளைத் தவிர யாரும் இல்லை. துறவி முடியைத் தலைக்கு மேலே பிடித்தபடி நிற்கிறார், சூக்கோ வந்து இறங்குகிறான், விழா நின்றுபோகிறது. இரண்டாவது சூக்கோவுடையது. அதே வகை முற்றம், அதே துறவி வேலை. ஆனால் எதிரே நிற்பது தீ நாட்டார் மட்டுமல்ல, மண் இராச்சியத்தாரும் நீர்க்குலத்தாரும் நிற்கிறார்கள். சனம் ஆர்ப்பரித்ததும் அவன் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, உண்மையான வீரன் அவதார் என்று ஆங்கை முன்னால் அழைக்கிறான். ஆங் துறவி உடையில், கியாட்சோவின் எலும்புக்கூட்டின் கழுத்தில் கண்டது போன்ற மரப் பதக்கத்தோடு வருகிறான். பொன் முடியும் மரப் பதக்கமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஐரோ ஏன் மறுத்தார் என்பதும் இதோடு சேரும். தான் ஓசாயை வென்று முடியை எடுத்தால், அண்ணன் தம்பியைக் கொன்று பதவி பிடித்தான் என்றே வரலாறு சொல்லும் என்றார். அவருக்குத் தகுதி இல்லாமல் அல்ல. பார்க்கிறவர்கள் அந்த முடியை எப்படி வாசிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார்.


தொண்டைமானாறு எழுதியது:

நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கொடிச்சீலையை ஒரு குடும்பம் பரம்பரையாகக் கொடுத்து வருகிறது. அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவதே ஒரு விழா. கொடி ஏறுவதைக் காணச் சனம் விடியமுன்னரே வந்து நிற்கும். நீலன் எழுதிய இரண்டு முற்றங்களையும் வாசித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. ஆனாலும் தம்பி கந்தர்மடத்தான், சனம் ஒருவர்கூட வராவிட்டாலும் வேல் வேல்தான் என்பதில் நான் மாறமாட்டேன். பார்ப்பவரால்தான் பொருளுக்கு வலிமை என்பது அரசர்களின் பொருளுக்குப் பொருந்தும்.


கந்தர்மடத்தான் எழுதியது:

ஐயா, அந்த இடத்தில் நீங்களும் நானும் வேறுபடுகிறோம், அப்படியே இருக்கட்டும். விளையாட்டுச் சாமான் காட்சியை உங்கள் பக்கத்துக்கே விட்டுக்கொடுக்கிறேன். அந்தக் குழந்தைக்கு எதுவும் தெரியாது, துறவிகளும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை என் வாதத்தால் விளக்க முடியாது.


சுன்னாகம் தர்சி எழுதியது:

அடுத்ததாக 2012 இல் வந்த கொரா தொடரையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். மூலகங்களை ஆள்பவர்களுக்கு எதிராகச் சனத்தைத் திரட்டும் ஆமோன் முகமூடியைக் கழற்றி, தீயால் வெந்த முகத்தைக் காட்டியபோது சனம் முழுவதும் நம்பியது. பிறகு கடலில் விழுந்ததும் அந்தத் தழும்பு வெறும் பூச்சு என்று கழுவுப்பட்டுப் போகிறது, அவன் நீரை ஆள்வதையும் அவன் ஆட்களே கரையில் நின்று பார்க்கிறார்கள். இழை நீண்டுவிட்டதால் இதற்குத் தனியாக ஒன்று திறக்கிறேன். தொண்டைமானாறு ஐயா, நீங்களும் கட்டாயம் வரவேண்டும். பேரப்பிள்ளைகளோடு கொரா பார்த்துவிட்டீர்களா?


தொண்டைமானாறு எழுதியது:

இரண்டாம் புத்தகத்தில் நிற்கிறோம் பிள்ளை. ஆமோன் வரை தாராளமாகக் கதைக்கலாம், அதற்கு மேல் சொல்லாதேங்கோ.